ராத்திரி மழை, காலையில் ஊரெங்கும் ஆறுமணிக்குருவி: காரணம் மழையா, காற்றா?

கெடிலக்கரை (மஞ்சக்குப்பம், கடலூர்)

வணக்கம். இன்று விடியற்காலையில் கொல்லைப்புறத்துத் துவைகல்லுக்கு அடியில் ஓர் ஆறுமணிக்குருவி ஒடுங்கிக் கிடந்தது. பச்சை முதுகு, கண் வழியாக ஓடும் கருப்புப் பட்டை, வாலடியில் குங்குமச் சிவப்பு. வால் என்று சொல்ல ஒரு விரற்கடைகூடத் தேறாது. இறகெல்லாம் நனைந்து கொத்துக் கொத்தாகப் பிரிந்திருந்தது. கைக்கெட்டும் தூரத்தில் நான் குந்தி உட்கார்ந்தும் பறக்கவில்லை. தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் என்னைப் பார்த்தது, அவ்வளவுதான். வெயில் ஏறியதும் வாழைக்கட்டைப் பக்கம் தத்திப் போய், சருகைப் புரட்டி ஒரு மண்புழுவை இழுத்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

கொஞ்ச நேரத்தில் புதுப்பாளையத்தில் இருக்கும் என் தங்கை கூப்பிட்டாள், அவள் வீட்டு மாடிப்படியில் ஒன்று. திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கடை ஷட்டருக்கு முன்னால் ஒன்று கிடக்கிறது என்று வாட்ஸ்அப்பில் படம் வந்தது. நேற்று மாலை வரை வானம் வெளுத்துத்தான் இருந்தது. இரவு பதினொரு மணிக்கு மேல் இடியோடு கொட்ட ஆரம்பித்து, மூன்று மணி வாக்கில் விட்டது.

என் கேள்வி இதுதான்: மழைதான் இவற்றை இங்கே கொண்டுவந்ததா? இவ்வளவு மழை வரப்போவது தெரியாமலா கிளம்பின?


ஊசுடு நாணல் (புதுச்சேரி)

நல்ல கேள்வி அம்மா. முதலில் அந்தத் தங்கை வீட்டுக் குருவிக்கு வழி பார்ப்போம். பூனை, காக்கை தொல்லை இருந்தால் மட்டும் கையில் எடுங்கள். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் ஒரு துணியை விரித்து உள்ளே விட்டு மூடி, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். பால், சோறு, வாயில் தண்ணீர் ஊற்றுவது எதுவும் வேண்டாம். தெளிந்து நிமிர்ந்து நின்றதும் பக்கத்தில் புதர் அடர்ந்த தோட்டத்தில் விட்டுவிடலாம். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். கூண்டில் வைத்துக்கொள்வது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். மழை இவற்றைக் கொண்டுவரவில்லை, இறக்கிவிட்டது. இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் தென்மேற்குப் பருவமழையின்போது குஞ்சு பொரித்துவிட்டு, மழை ஓய்ந்ததும் இவை தெற்கே வருகின்றன. நம் மாவட்டத்தில் தங்குபவை உண்டு. இலங்கை வரை போகிறவையும் உண்டு. பயணம் முழுக்க ராத்திரியில்தான். வானம் தெளிவாக இருந்தால் நம் கூரைக்கு மேலே பல நூறடி உயரத்தில் கடந்து போய்விடும், நமக்குத் தெரியவே தெரியாது. மழை அடித்தால் இறகு நனைகிறது, நட்சத்திரம் மறைகிறது. அந்த இடத்திலேயே இறங்கவேண்டியதுதான். கீழே காடா, கடைத்தெருவா என்று பார்த்து இறங்க அவகாசம் கிடையாது.

மெக்சிகோ வளைகுடாவில் இதைப் பெரிய அளவில் பார்க்கலாம். ஏப்ரலில் யுகடான் தீபகற்பத்திலிருந்து கிளம்பும் சிறு பறவைகள் ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் கடலை ஒரே மூச்சில் தாண்டுகின்றன. காற்று வாகாக இருந்தால் கடற்கரையைத் தாண்டி உள்நாட்டுக் காடு வரை போய்த்தான் இறங்கும். எதிரே வடக்கிலிருந்து குளிர்ந்த காற்றும் மழையும் வந்துவிட்டால், டெக்சாஸின் ஹை ஐலண்ட் போன்ற கரையோர ஊர்களில் முதலில் கண்ணில் பட்ட மரத்தில் கொத்தாக விழும். பறவை பார்ப்பவர்கள் அதை ஃபால்அவுட் என்கிறார்கள். நேற்று கடலூரில் நடந்ததும் அந்த வகைதான் என்று நினைக்கிறேன்.


பாகூர்வாசி

எனக்கு இதில் கொஞ்சம் மாற்றுக் கருத்து உண்டு. ஐப்பசி பிறந்தால் ஆறுமணிக்குருவி வரும் என்பது எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரியும். பழுப்புக் கீச்சான் ஆவணிக் கடைசியில் எங்கள் பம்புசெட்டுக் கம்பியில் வந்து உட்கார்ந்து கரகரவென்று கத்தும். மழை முன்னே பின்னே ஆகும், கீச்சான் ஆகாது. அப்படியென்றால் நாள்கணக்குதானே முக்கியம்? வானிலை என்பது வழியில் வரும் இடைஞ்சல், அவ்வளவுதானே?


காலாப்பட்டு (ஆய்வு மாணவி)

பாகூர் அண்ணா சொல்வது பாதி வரைக்கும் சரி. பருவத்தைத் தொடங்கி வைப்பது பகல் நீளம்தான். கனடாவில் வில்லியம் ரோவன் 1920களிலேயே ஜங்கோ என்ற சிறு குருவிகளைக் குளிர்காலத்தில் கூண்டில் வைத்து, விளக்குப் போட்டுப் பகலை நீட்டிக் காட்டினார். வெளியே கடுங்குளிர் இருந்தும் அவற்றின் உடல் வசந்த காலத்துக்குத் தயாரானது. வலசைப் பருவம் வந்தால் கூண்டுப் பறவைகூட ராத்திரி தூங்காமல் படபடக்கும், தாவும், போகவேண்டிய திசையைப் பார்த்தே தாவும். 1966இல் ஸ்டீபன் எம்லெனும் அவர் தந்தை ஜான் எம்லெனும் புனல் மாதிரி ஒரு கூண்டு செய்து, அடியில் மைத்திண்டு வைத்து, பக்கச் சுவரில் பதியும் காலடித் தடத்தைக் கொண்டு அந்தத் திசையைக் கண்டுபிடித்தார்கள்.

ஆனால் பகல் நீளம் தருவது ஒரு சில வாரங்களை. அந்த வாரங்களில் எந்த ராத்திரி என்று முடிவு செய்வது வானிலை. அமெரிக்காவில் 143 வானிலை ரேடார்களின் 23 ஆண்டு வசந்தகாலப் பதிவுகளை வைத்து வேன் டோரன், ஹார்ட்டன் என்ற ஆய்வாளர்கள் 2018இல் ஒரு கணிப்பு முறை வெளியிட்டார்கள். எந்த ராத்திரி எவ்வளவு பறவை வானில் இருக்கும் என்பதில் காணும் ஏற்ற இறக்கத்தில் ஏறத்தாழ 80 சதவீதத்தை வானிலையும் தேதியும் இடமும் சேர்ந்தே சொல்லிவிடுகின்றன. அதில் முதலிடம் வெப்பநிலைக்கு. அங்கே வசந்தத்தில் தெற்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான காற்றே வடக்கு நோக்கித் தள்ளிவிடும் காற்றும் ஆகும். நம்மூரில் ஐப்பசியில் இன்றைக்கும் நாளைக்கும் வெப்பம் பெரிதாக மாறுவதில்லை. இங்கே காற்றும் மழையும்தான் அதிகம் பேசும் என்பது என் எண்ணம்.

ரேடாரில் பறவை தெரிவது புதிதும் இல்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இங்கிலாந்து ரேடார்களில் விமானம் இல்லாத இடத்திலும் புள்ளிகள் தெரிந்து ஆட்கள் குழம்பினார்கள். அவை பறவைகள் என்று டேவிட் லாக்கும் வார்லியும் 1945இல் எழுதினார்கள்.


மழைமானி (லாசுப்பேட்டை)

நேற்றைய நிலவரத்தை நான் தருகிறேன். தென்மேற்கு வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி இருந்தது. நம் பக்கத்தில் தாழ்வைச் சுற்றும் காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் போகும். அதனால் தாழ்வுக்கு மேற்கே இருக்கும் நம் கரையில் காற்று வடக்கிலிருந்து வீசும். விண்டி செயலியில் 900 மில்லிபார் மட்டத்தைப் பாருங்கள், அது தரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீட்டர் உயரம். ஆந்திரக் கரை முழுக்க நல்ல வடகாற்று. தெற்கே போகிறவர்களுக்கு முதுகில் கை வைத்துத் தள்ளுகிற காற்று.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. சிறு பறவை ஒன்று அசையாத காற்றில் மணிக்கு 35 கிலோமீட்டர் பறக்கும் என்று வையுங்கள். பின்னாலிருந்து 25 கிலோமீட்டர் காற்று வந்தால் 60 ஆகிறது. அதே காற்று எதிரில் வந்தால் 10. ஏழு மணி நேரம் பறந்தால் ஒன்றில் 420 கிலோமீட்டர், மற்றதில் 70. செலவாகும் கொழுப்பு இரண்டுக்கும் ஒன்றுதான். ஓங்கோலில் இருட்டியதும் கிளம்பி விடிவதற்குள் கடலூரைத் தாண்டலாம், இல்லையென்றால் நெல்லூரைக்கூட எட்ட முடியாது. பறவைக்குக் காற்று ஏன் இவ்வளவு முக்கியம் என்பது இந்த ஒரு கணக்கிலேயே அடங்கிவிடும்.

கெடிலக்கரை அம்மா கேட்டதற்கு இதிலேயே பதில் இருக்கிறது. பதினொரு மணிக்கு உங்கள் தலைக்கு மேல் இருந்த குருவி, மாலை ஆறரை மணிக்கு நெல்லூர்ப் பக்கம் கிளம்பியிருக்கலாம். அங்கே அப்போது வானம் துடைத்து விட்டாற்போல் இருந்தது, வடகாற்று நன்றாக வீசியது. கிளம்புவதற்கு அதைவிட நல்ல மாலை கிடைக்காது. கிளம்புகிற ஊர் வானிலையைப் பார்த்துத்தான் அது முடிவெடுக்கிறது. இறங்கப்போகிற ஊரில் நள்ளிரவில் என்ன நடக்கும் என்று அதற்கு யார் சொல்வது? தாழ்வுப் பகுதியின் ஓரத்தில் கிடைக்கிற நல்ல காற்றைப் பிடித்து வந்து, அதே தாழ்வுப் பகுதியின் மழையில் மாட்டிக்கொள்கிறது. நம் கரையில் ஐப்பசி, கார்த்திகையில் இது திரும்பத் திரும்ப நடக்கக்கூடிய அமைப்பு.


தேவனாம்பட்டினம்

மழைமானி தம்பி சொன்னது எங்களுக்குப் புரிகிற பேச்சு. எங்கள் அப்பா காலத்தில் பாய்மரத்தில் போனவர்களும் இப்படித்தான், காற்று திரும்புகிற வரைக்கும் கரையில் உட்கார்ந்திருப்பார்கள். புரட்டாசி கடைசியில் கச்சான் ஓய்ந்து இரண்டு மூன்று நாள் காற்றே இல்லாமல் கடல் எண்ணெய் மாதிரி கிடக்கும். அப்புறம் வாடை பிடிக்கும். வாடை பிடித்த முதல் சில ராத்திரிகளில் வலை போட்டுக் காத்திருக்கும்போது லைட்டைச் சுற்றிச் சின்னக் குருவிகள் வரும். கீச் கீச்சென்று சத்தம் மட்டும் இருட்டில் கேட்டுக்கொண்டே போகும். சில நேரம் படகின் முன்பக்கம், அணியத்தில் வாலாட்டி வந்து உட்காரும், விடிகிற வரைக்கும் நகராது. நாங்கள் தொட மாட்டோம். கரை தெரிந்ததும் தானாகப் போய்விடும்.

ஒரு சந்தேகம். கரையில் நின்று பார்த்தால் கொண்டல் அடிக்கிறது, மேகம் வேறு பக்கம் போகிறது. பறவை எந்தக் காற்றைப் பார்க்கிறது?


மழைமானி

மேகம் போகிற பக்கம்தான் அண்ணா அதற்குக் கணக்கு. தரையில் கடல்காற்று, நிலக்காற்று என்று நேரத்துக்கு ஒன்று மாறும். மேலே வேறு. ரேடாரில் பார்த்தால் பறவைகள் பல உயரங்களிலும் இருக்கும், வாகான காற்று இருக்கிற மட்டத்தில் அதிகம் கூடும்.

உயரம் தேடுவதற்கு இன்னொரு காரணம் வெப்பம் என்கிறார்கள். ஐரோப்பாவிலிருந்து சகாராவைத் தாண்டும் பெரிய நாணல் கதிர்க்குருவிகளின் உடம்பில் அழுத்தமானி கட்டிப் பார்த்த ஆய்வு 2021இல் வந்தது. இரவில் சராசரியாக 2,400 மீட்டர் உயரத்தில் பறந்தவை, பயணம் பகலிலும் நீளும்போது விடியற்காலையில் 5,400 மீட்டருக்கு ஏறிவிட்டன. வெயிலில் இறக்கையடித்தால் உடம்பு கொதிக்கும், மேலே குளிர்ச்சி என்பது ஆய்வாளர்களின் விளக்கம். பெரும்பாலான சிறு பறவைகள் ராத்திரியைத் தேர்ந்தெடுப்பதற்கும் இது ஒரு காரணம். தகைவிலான் மட்டும் பகலில் பூச்சி பிடித்துக்கொண்டே போகிற ஆள்.


பாகூர்வாசி

சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். ஆனால் கீச்சான் ஆவணியில் வரும்போது இங்கே மேல்காற்றுதானே? வாடை பிடிக்க ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது. முதுகில் கை வைத்துத் தள்ள யாரும் இல்லையே. காற்றுக்காகக் காத்திருக்கும் பறவை அன்றைக்கு எப்படி வந்தது?


ஊசுடு நாணல்

இதுதான் இந்த விஷயத்தின் சுவையான இடம். காத்திருப்பதற்கும் விலை உண்டு ஐயா. கீச்சான் மங்கோலியா, சைபீரியா, வட சீனப் பக்கத்திலிருந்து வருகிறது. அங்கே குளிர் இறங்குவதற்குள் கிளம்பியாகவேண்டும். இங்கே வந்ததும் ஒவ்வொன்றும் தனக்கென்று ஓர் எல்லை பிடித்து ஏப்ரல் வரை காவல் காக்கும். போன ஆண்டு பிடித்த அதே இடத்துக்கே திரும்பி வருவதும் உண்டு, உங்கள் பம்புசெட்டுக் கம்பியும் அப்படி ஓர் எல்லையாக இருக்கலாம். தாமதமாக வந்தால் நல்ல இடத்தில் வேறொன்று உட்கார்ந்திருக்கும். அதனால் நல்ல காற்று வரும் என்று ஒரு மாதம் உட்கார்ந்திருக்க முடியாது. காற்று ஓய்ந்த ராத்திரியைப் பிடித்து வரும். வழியில் வாகான காற்று கிடைத்த இடங்களில் அதை வாங்கிக்கொள்ளும். பருவத்தின் தொடக்கத்தில் பறவைகள் காற்றைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கும், நாள் கடந்துவிட்டால் சுமாரான காற்றிலும் கிளம்பும் என்று வெளிநாட்டு ஆய்வுகளிலும் பார்க்கிறோம்.

கிளம்புவதற்கு இன்னொரு அனுமதி வயிற்றிலிருந்து வரவேண்டும். கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் வளையம் மாட்டுகிற இடத்தில் நின்று பார்த்திருக்கிறேன். குருவியை இரண்டு விரல் நடுவில் கழுத்தைப் பிடித்து மல்லாத்தி, நெஞ்சு இறகை மெல்ல ஊதுவார்கள். இறகு விலகியதும் கண்ணாடி மாதிரி மெல்லிய தோல் தெரியும். கழுத்தடிக் குழியில் மஞ்சளாக நெய் உறைந்தது போல் கொழுப்பு நிரம்பியிருந்தால் அது ஓரிரு நாளில் போகப்போகிற பறவை. குழி சிவந்து வெறுமையாக இருந்தால் வந்து இறங்கியது, இன்னும் சில நாள் இங்கேதான் மேயும். பறக்கும்போது ஒரு மணி நேரத்துக்கு உடல் எடையில் ஏறத்தாழ ஒரு சதவீதம் கரையும் என்பார்கள். இத்தாலிக்குப் பக்கத்தில் பொன்சா என்ற தீவில், கடல் தாண்டி வந்து இறங்கிய பறவைகளை வைத்து இதைச் சோதித்தார்கள். கொழுப்பு மிச்சமிருந்தவை அன்று இரவே படபடத்தன. மெலிந்தவை அமைதியாக இருந்தன.

கடலைத் தாண்டுவதில் கொழுப்பும் காற்றும் சேர்ந்து வேலை செய்வதற்கு என் மனதில் நிற்கும் பறவை பிளாக்போல் வார்ப்ளர். 12 கிராம் எடை. புறப்படுமுன் தின்று தின்று எடையை இரட்டிப்பாக்கிக்கொண்டு, வட அமெரிக்காவின் கிழக்குக் கரையில் குளிர்முகம் (குளிர்ந்த காற்றுத்திரளின் முன்விளிம்பு) ஒன்று கடந்து வடமேற்குக் காற்று வீசும்வரை காத்திருக்கும். பிறகு அட்லாண்டிக்குக்கு மேலே நிற்காமல் இரண்டு மூன்று நாள் பறந்து கரீபியத் தீவுகளில் இறங்கும். 2015இல் வந்த ஆய்வில் இந்தத் தூரம் 2,270இலிருந்து 2,770 கிலோமீட்டர் வரை என்று அளந்தார்கள். காற்றைத் தவறாகப் படித்தால் கீழே இறங்கத் தரை கிடையாது.


முந்திரிக்காடு (பண்ருட்டி)

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டே வந்தேன். எங்கள் ஊரில் எல்லாரும் சொல்கிற ஒன்றை இங்கே கேட்கவேண்டும். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. எங்கள் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தது அன்றைக்குத்தான், பாட்டன் வைத்த மரமெல்லாம் ஒரே காலையில் போயிற்று. முந்தின நாள் சாயங்காலம் தோப்பில் ஒரு குருவிச் சத்தம் இல்லை என்று என் அம்மா இன்றைக்கும் சொல்வார்கள். பறவைக்குப் புயல் முன்கூட்டியே தெரியுமா? நேற்று மழைக்குத் தெரியவில்லை என்கிறீர்கள், புயலுக்கு மட்டும் தெரியுமா?


காலாப்பட்டு

அண்ணா, அம்மா சொன்னதை நான் தள்ளமாட்டேன். ஆனால் அதில் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்கவேண்டும்.

முதலாவது, அழுத்தம் இறங்குவதை உணர்வது. இதற்கு நல்ல சான்று இருக்கிறது. ஒயிட்-கிரவுண்ட் ஸ்பாரோ என்ற அமெரிக்கக் குருவியை அறையில் வைத்து, வெளிச்சம், வெப்பம் எதையும் மாற்றாமல் காற்றழுத்தத்தை மட்டும் குறைத்தார்கள். காலையில் விளக்கு எரிந்ததும் வழக்கமாக இறகு கோதிவிட்டு மெதுவாக உண்ண வரும் குருவி, அன்றைக்கு நேராகத் தீனிக்குப் போனது. 2013இல் வெளியான ஆய்வு இது. நடுக்காதை ஒட்டிய ஒரு சிறு உறுப்பு அழுத்தத்தை உணரலாம் என்று கருதுகிறார்கள். புயலுக்கு முந்தின நாள் அழுத்தம் இறங்கிக்கொண்டே இருக்கும். பறவைகள் அவசரமாக மேய்ந்துவிட்டு அடர்ந்த இடத்தில் ஒதுங்கினால் தோப்பு அமைதியாகத்தானே இருக்கும்?

இரண்டாவது, வெகு தொலைவில் இருக்கும் புயலை அறிந்து ஊரையே காலி செய்வது. 2014 ஏப்ரலில் அமெரிக்காவின் டென்னசி மலைகளில் ஹென்றி ஸ்ட்ரீபியின் ஆய்வுக் குழு கோல்டன்-விங்டு வார்ப்ளர் என்ற சிறு குருவிகளின் முதுகில் சிறு கருவி கட்டியிருந்தது. 80க்கும் மேற்பட்ட சுழற்காற்றுகளை உண்டாக்கிய பெரும் புயல் வருவதற்கு ஓரிரு நாள் முன்பே அவை கிளம்பி, தெற்கே போய், புயல் கடந்ததும் திரும்பின. மொத்தம் 1,500 கிலோமீட்டருக்கு மேல். அவை கிளம்பியபோது புயல் 400 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது, அங்கே காற்றோ அழுத்தமோ மாறியிருக்கவில்லை. நம் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலியைக் கேட்டிருக்கலாம் என்பது அவர்கள் ஊகம்.


பாகூர்வாசி

எத்தனை பறவை அம்மா அது?


காலாப்பட்டு

ஐந்து அண்ணா. கேட்கவேண்டிய கேள்விதான். ஐந்து பறவை, ஒரே ஒரு புயல். அதை வைத்து எல்லாப் பறவைக்கும் எல்லாப் புயலும் தெரியும் என்று சொல்ல முடியாது, அவர்களும் சொல்லவில்லை. அமெரிக்காவின் டெலவேரில் கிறிஸ்டோபர் ஹெக்ஷர் என்ற ஆய்வாளர் வீரி என்ற பூங்குருவியைப் பல ஆண்டுகள் பார்த்து 2018இல் எழுதியது இதைவிட வியப்பானது. அட்லாண்டிக்கில் புயல் அதிகம் வந்த ஆண்டுகளில் அவை கூடு கட்டுவதைச் சீக்கிரமே முடித்துக்கொண்டனவாம், புயல் பருவம் உச்சத்துக்கு வர மாதங்கள் இருக்கும்போதே. எப்படித் தெரிந்தது என்பதற்கு உறுதியான விடை கிடையாது.


பாகூர்வாசி

அப்படியென்றால் நான் என் இடத்திலேயே நிற்கிறேன். அழுத்தம் இறங்கினால் தெரியும், ஒத்துக்கொள்ளலாம். மாதக்கணக்கில் முன்னால் தெரியும் என்பதை இன்னும் நாலு பேர் நாலு ஊரில் பார்த்துச் சொல்லட்டும். அப்படித் தெரியுமென்றால் நேற்றைக்கு மூன்று குருவி கடலூர்த் தெருவில் நனைந்திருக்காது.


ஊசுடு நாணல்

பாகூர் ஐயாவின் கடைசி வரி முக்கியமானது. உட்கார்ந்திருக்கும் பறவைக்கு அழுத்தமானி உதவலாம். பாதி வானத்தில் இருக்கும் பறவைக்கு எது உதவும்? அதற்குத் தேவை இறங்க ஓர் இடம். நாம் செய்யக்கூடியது அந்த இடத்தில்தான் இருக்கிறது. மழையை நாம் நிறுத்த முடியாது.

ஃபெஞ்சல் புயலை எல்லாரும் மறந்திருக்க மாட்டோம். 2024 நவம்பர் 30 இரவு நம் பக்கத்தில் கரையேறி நகராமல் நின்று, புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் கொட்டியது. அந்த மாதிரி ராத்திரியில் ஒரு பறவைக்கு வேண்டியது காற்று புகாத அடர்த்தி. கேப்பர் மலைச் செம்மண் மேட்டில் மிச்சமிருக்கும் புதர், ஆரோவில்லில் ஐம்பது ஆண்டுகளாக வளர்த்த காடு, முந்திரித் தோப்பின் அடிப்பரப்பு, வயலோரத்து உயிர்வேலி. கரையோரச் சவுக்கு காற்றைத் தடுக்கும், ஆனால் அடியில் பெரும்பாலும் ஊசிச்சருகு மட்டும்தான், கொத்திப் புரட்ட அதிகம் கிடைக்காது. வலசைப் பறவை பயண நாட்களில் பறப்பதைவிடத் தரையில் மேய்வதற்கே அதிக நாள் செலவிடுகிறது. வேலியை வெட்டிக் கம்பிவலை போடும் ஒவ்வொரு மனையிலும் அதற்கு ஒரு சத்திரம் மூடப்படுகிறது. இதை நான் கோபமாகவே சொல்கிறேன்.


கடற்கரைச் சாலை (புதுச்சேரி)

வேலியைப் போலவே விளக்கையும் பேசுங்கள் ஐயா. எங்கள் தெருவில் ஒரு தங்கும் விடுதி மொட்டைமாடியில் வானத்தைப் பார்த்து வெள்ளை விளக்கு போட்டிருக்கிறார்கள், விடிய விடிய எரிகிறது. போன வாரம் தூறல் போட்ட ராத்திரிக்கு மறுநாள் அந்தக் கண்ணாடிச் சுவருக்குக் கீழே ஒரு கதிர்க்குருவி செத்துக் கிடந்தது. விளக்குக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறதா?


காலாப்பட்டு

நிறையவே இருக்கிறது அக்கா, அதுவும் வானிலையோடு சேர்ந்து. தெளிந்த ராத்திரியில் பறவைகள் விளக்குகளுக்கு மேலே உயரத்தில் போய்விடும். மேகம் தாழ்ந்து தூறல் போட்டால் அவையும் தாழ்ந்து வரும். ஈரக்காற்றில் விளக்கொளி பரவி வானமே வெளுத்துவிடும், வழி தப்பி அதற்குள்ளேயே சுற்றும். அசாமில் ஜாட்டிங்கா கிராமத்தில் ஆகஸ்ட் முடிவிலிருந்து நவம்பர் வரை நிலவில்லாத, பனிமூட்டமான ராத்திரிகளில் பறவைகள் விளக்குக்கு வந்து விழுவதைச் சலீம் அலியும் போய்ப் பார்த்தார். அங்கே விழுபவற்றில் ஆறுமணிக்குருவியும் உண்டு.

சிகாகோவில் 2023 அக்டோபர் 5 காலையில் ஏரிக்கரையில் இருக்கும் ஒரே மாநாட்டு மண்டபத்துக்குக் கீழே ஏறத்தாழ 1,000 சிறு பறவைகள் செத்துக் கிடந்தன. பல நாள் எதிர்க்காற்றில் அடைபட்டிருந்தவை காற்று திரும்பியதும் மொத்தமாகக் கிளம்பியிருந்தன, விடியும் நேரத்தில் மழை வேறு. அதே கட்டடத்தை வைத்து 2021இல் வந்த ஆய்வு, விளக்கெரியும் சன்னல் பரப்பைக் குறைத்தால் சாவு 60 சதவீத அளவுக்குக் குறையலாம் என்று சொல்லியிருந்தது. அதற்குச் செலவே கிடையாது.


கடற்கரைச் சாலை

அந்த விடுதி மேலாளரிடம் இதை அப்படியே சொல்லப் போகிறேன். வருஷம் முழுக்க அணைக்கச் சொன்னால் கேட்க மாட்டார்கள். எந்தெந்த ராத்திரி என்று சொல்ல முடியுமா மழைமானி சார்?


மழைமானி

முடியும் மேடம். புரட்டாசி நடுவிலிருந்து கார்த்திகை வரை, மாலையில் 900 மில்லிபாரில் வடக்கு அல்லது வடகிழக்குக் காற்று, அதோடு காரைக்கால் அல்லது சென்னை ரேடாரில் நம்மை நோக்கி மழை. இந்த இரண்டும் சேர்ந்தால் அன்றைக்குப் பத்து மணிக்கு மேல் அணைக்கச் சொல்லுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் சராசரி தேதி அக்டோபர் 20ஐ ஒட்டி வருகிறது, அதற்கு முன்னும் பின்னும் இரண்டு வாரம் கூடுதல் கவனம். இந்த இழையிலேயே மாலை ஆறு மணிக்கு நான் போட்டுவிடுகிறேன்.

திரும்பிப் போகும் பருவம் பங்குனி, சித்திரை. அப்போது காற்று தெற்கிலிருந்து. மாலையில் கடல்காற்று ஓய்ந்து மேலே தென்காற்று நிலைத்த ராத்திரிகளைப் பார்க்கவேண்டும். மழை குறைவு என்பதால் விழுவதும் குறைவு. இங்கே வேலியில் டக் டக்கென்று சத்தம் போடும் பிளைத் நாணல் கதிர்க்குருவி பின்லாந்து வரைக்கும்கூடப் போகவேண்டியது. பத்துப் பன்னிரண்டு கிராம்தான் அதுவும்.


தேவனாம்பட்டினம்

காற்று எப்போது திரும்பியது என்பதை நான் தினமும் எழுதுகிறேன் தம்பி. கரையில் ஒன்று, ஆழத்துக்குப் போகிற அன்று கடலில் ஒன்று. குருவிச் சத்தம் கேட்டால் மணியோடு சேர்த்து எழுதுகிறேன். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால் அதையும் போடுகிறேன்.


ஊசுடு நாணல்

அருமை. எல்லாரும் ஒன்று செய்யுங்கள். பறவையைப் பார்த்த நாளை ஈபேர்டில் (பறவைப் பதிவுகளுக்கான இணையதளம்) போடும்போது குறிப்பு இடத்தில் முந்தின ராத்திரிக் காற்றையும் மழையையும் ஒரு வரி எழுதுங்கள். பார்க்காத நாளையும் பதியுங்கள், அது இல்லாமல் ஒப்பிட முடியாது. மைக்ரன்ட்வாட்ச் என்று 2007இல் நாடு முழுக்கத் தொடங்கியபோது ஒன்பது பறவைகளின் வருகைத் தேதியைத்தான் முதலில் கேட்டார்கள். தேதியோடு காற்றும் சேர்ந்திருந்தால் பாகூர் ஐயாவின் கேள்விக்கு இன்று நாமே பதில் சொல்லியிருக்கலாம்.


பாகூர்வாசி

கீச்சானுக்கு நான் பொறுப்பு. பாகூர் ஏரிக்கரைக் கம்பியில் தகைவிலான் கூடுவதையும் சேர்த்து எழுதுகிறேன்.


கெடிலக்கரை

எல்லாருக்கும் நன்றி. தங்கை வீட்டுக் குருவியை அட்டைப்பெட்டியில் வைத்திருந்து, சாயங்காலம் கெடிலத்துக் கரையோரப் புதரில் விட்டோம், உள்ளே ஓடிவிட்டது. கடை வாசலில் கிடந்தது பிழைக்கவில்லை. அந்தக் கடைக்காரர் ஷட்டருக்கு மேலே இருக்கும் பெயர்ப்பலகை விளக்கை ராத்திரி அணைப்பதாகச் சொல்லியிருக்கிறார். எங்கள் கொல்லையில் கொடுக்காப்புளி வேலியை இந்த மாதம் கழிப்பதாக இருந்தோம். எப்போது வெட்டினால் இவற்றுக்குத் தொந்தரவு இல்லை?


ஊசுடு நாணல்

சித்திரை கடைசி வரை தொடாதீர்கள் அம்மா. அதற்கு அப்புறமும் மொத்தமாகக் கழிக்கவேண்டாம், ஒரு பக்கம் விட்டு ஒரு பக்கம் கழியுங்கள். வாழையடிச் சருகைக் கூட்டாமல் அப்படியே விடுங்கள்.


மழைமானி

இன்று மாலை ஆறு மணி: 900 மில்லிபாரில் வடகிழக்குக் காற்று, மணிக்கு 20 கிலோமீட்டர். நெல்லூர் வரை தெளிந்த வானம். நம் கரைக்குக் கிழக்கே மழை மேகம், நள்ளிரவுக்கு மேல் மரக்காணத்துக்கும் கடலூருக்கும் இடையில் உள்ளே வரலாம். விளக்கை அணையுங்கள்.